கீபோர்டு சுத்தம் செய்யக் கிறிஸ்துமஸுக்கு வந்தவை: எது மேசையில் நின்றது, எது இழுப்பறைக்குப் போனது

என் மேசையின் கீழ் இழுப்பறையில் நான்கு கிறிஸ்துமஸ் இருக்கிறது. ஒரு டப்பா பச்சை ஸ்லைம், உள்ளங்கையளவு யுஎஸ்பி வேக்யூம் கிளீனர், பாதி தீர்ந்த காற்று டின், என்னிடம் இருக்கும் எந்தக் கீபோர்டுக்கும் பொருந்தாத ஒரு சிலிக்கான் உறை. நான்கும் நான்கு வருடங்களில், நான்கு பேரிடமிருந்து, வண்ணத்தாள் சுற்றி வந்தவை. நாள் முழுக்கத் தட்டச்சு செய்து பிழைக்கிற எனக்கு என்ன வாங்கலாம் என்று யோசிக்கிற யாருக்கும் முதலில் கண்ணில் படுவது என் கீபோர்டின் நிலைமைதான் போலிருக்கிறது. ஸ்லைம் தந்த அக்கா அதை மறைக்கவும் இல்லை. "உன் கீபோர்டைப் பார்க்கவே சகிக்கலடா" என்று சொல்லிக்கொண்டேதான் நீட்டினாள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான்கு மாடு சேர்ந்த பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து உழைக்க வைத்துப் பார்த்தேன். நானே வாங்கிய சிலவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். உங்கள் கீபோர்டுக்கு எது வேண்டும் என்பது ஒரு கேள்வி. கீபோர்டு வைத்திருக்கும் ஒருவருக்கு எதைப் பரிசாகத் தரலாம் என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் வரும் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதலில் அழுக்கைப் பற்றி. கீபோர்டில் சேர்வது ஒரே அழுக்கு இல்லை. தூசு, பிஸ்கட் துணுக்கு, உதிர்ந்த தோல் செதில் இவையெல்லாம் உதிரி அழுக்கு. தட்டினால் விழும், ஊதினால் பறக்கும். விரலிலிருந்து இறங்கும் எண்ணெய் கீயின் மேல் படிந்து பிசுக்காகிறது. இது ஊதினாலும் போகாது, உறிஞ்சினாலும் போகாது, துடைத்தால்தான் போகும். மூன்றாவது முடி. அது ஸ்பேஸ்பாருக்கு அடியில் உள்ள கம்பியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், இழுத்துத்தான் எடுக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே கருவி எடுக்கும் என்று எந்தப் பெட்டியில் எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம்.

கீபோர்டுகளும் ஒரே மாதிரி இல்லை. லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் கத்தரிக்கோல் போல மடங்கும் மெல்லிய பிளாஸ்டிக் கால்களின் மேல் நிற்கும் கீ. மேசைக் கம்ப்யூட்டரோடு வரும் சாதாரணக் கீபோர்டில் கீக்கு அடியில் ஒரு ரப்பர் குமிழ். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச், அதன் மேல் தொப்பி மாதிரி கழற்றி மாட்டக்கூடிய கீகேப். கடைசி வகையில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். முதல் வகையில் கை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஸ்லைம். பிரித்த நிமிடத்தில் எல்லோருக்கும் பிடித்தது இதுதான். வீட்டிலிருந்த குழந்தைகள் ஆளுக்கு ஒரு தடவை பிசைந்து பார்த்தார்கள். இந்த மாதிரி ஜெல்கள் பலவற்றில் இருப்பது தண்ணீர், கொஞ்சம் ஆல்கஹால், குவார் கம். குவார் கம் வேறொன்றும் இல்லை, நம் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற கோந்துதான். அதை ஜெல்லாக இறுக்கிவிட்டால் பாதி திடமாகவும் பாதி திரவமாகவும் நடந்துகொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் ரப்பர் போல முழுசாக வந்துவிடும். மெதுவாக இழுத்தால் நூல் நூலாக நீளும். சும்மா விட்டால் தன் பாட்டுக்கு வழிந்து இறங்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் அதைத் தொட வேண்டும். கீகளின் மேல் அழுத்து, உடனே எடு, அவ்வளவுதான்.

எனக்கு அன்று அது தெரியாது. அழுத்தி வைத்த நேரத்தில் போன் அடித்தது. பேசி முடித்து வருவதற்குள் பச்சை உருண்டை சாவகாசமாக இறங்கி, கீகளுக்கு நடுவே குடியேறிவிட்டது. மெதுவாக இழுத்தேன். அதுதான் இரண்டாவது தப்பு. மேல் பாதி கையோடு வந்தது, கீழ்ப் பாதி ஜி கீயையும் எச் கீயையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. ஜி-யை அழுத்தினால் இறங்கியது, ஏறவில்லை. சுத்தம் செய்யப் போய்ப் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. கீகேப்புகளைக் கழற்றி, பல்குச்சியால் நோண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. மெக்கானிக்கல் கீபோர்டு என்பதால் தப்பித்தேன். லேப்டாப்பாக இருந்திருந்தால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

ஸ்லைமுக்கு இன்னொரு குறை. அது எடுக்கிற அழுக்கைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொள்கிறது. நாலு தடவைக்கு அப்புறம், போன மாதத்து அழுக்கைக் கொண்டு இந்த மாதத்துக் கீயை ஒற்றிக்கொண்டிருப்போம். கழுவலாமா என்றால் தண்ணீர் பட்டால் கொழகொழத்துப் போகும். நிறம் மாறினால் தூக்கிப் போட வேண்டியதுதான். கீ உயரம் குறைவாக, இடைவெளி நெருக்கமாக இருக்கிற இடத்தில் மேல் தூசை ஒற்றி எடுக்க உதவும், மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கார் ஏசியின் காற்றுத் துவாரங்களுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.

யுஎஸ்பி வேக்யூம் ஆபீஸில் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுத்துக்கொண்டபோது வந்தது. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, ஒரு கணக்கு போதும். பழைய யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், 0.5 ஆம்பியர். பெருக்கினால் 2.5 வாட். வீட்டு வேக்யூம் கிளீனர்கள் மின்சாரத்தை விழுங்குகின்றன என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அவற்றுக்கு விதித்த உச்ச வரம்பே 900 வாட். யானைப் பசிக்குச் சோளப்பொரி. சத்தம் மட்டும் 900 வாட்டுக்குக் கேட்கும். மேசைமேல் இருந்த ரப்பர் துகளை உறிஞ்சியது. கீகளுக்கு நடுவே இருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டது.

அந்த வேலைக்கு வீட்டு வேக்யூம் கிளீனரே மேல். முனையில் பிரஷ் உள்ள குழாயை மாட்டி, வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டால் உதிரி அழுக்கு நன்றாகவே வரும். ஆடிக்கொண்டிருக்கும் கீகேப் ஒன்று உள்ளே போய்விடும் ஆபத்து உண்டு. அதற்கு ஒரு வழி: குழாயின் வாயில் மெல்லிய நைலான் காலுறை ஒன்றை இழுத்து மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். தூசு போகும், கீகேப் நிற்கும். கிறிஸ்துமஸ் பரிசுகளிலேயே அதிகம் கேலிக்கு ஆளாவது காலுறைதான். என் கணக்கில் அது யுஎஸ்பி வேக்யூமைவிடக் கீபோர்டுக்கு அதிகம் உழைத்திருக்கிறது.

காற்று டின் மச்சான் தந்தது. பயன் உள்ள பொருள், ஆனால் பெயரில் ஒரு பொய் இருக்கிறது. அதற்குள் இருப்பது காற்று இல்லை. பெரும்பாலும் டைஃப்ளுரோஈத்தேன், அல்லது அதன் உறவுக்கார வாயு ஒன்று, அழுத்தத்தில் திரவமாக்கி அடைத்திருப்பார்கள். டைஃப்ளுரோஈத்தேன் மைனஸ் 25 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பொத்தானை அழுத்தியதும் திரவம் ஆவியாகிப் பீய்ச்சி அடிக்கிறது. அப்படி ஆவியாகிறபோது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் டின் கையிலேயே சில்லிட்டுப் போகிறது. டின்னைச் சாய்த்தோ தலைகீழாகவோ பிடித்தால் வாயுவுக்குப் பதில் திரவமே வரும். கீயின் மேல் வெள்ளையாய் உறையும், விரலில் பட்டால் தோல் புண்ணாகும். டைஃப்ளுரோஈத்தேன் தீயும் பிடிக்கும். உள்ளிழுத்தால் இதயத்தையே நிறுத்திவிடக் கூடியது. போதைக்காக முகர்கிறவர்களைத் தடுக்கவே பல டின்களில் தாங்க முடியாத கசப்பு ஒன்றைச் சேர்க்கிறார்கள். எனவே மெஷினை அணைத்து, ஜன்னலைத் திறந்து, டின்னை நிமிர்த்திப் பிடித்து, சின்னச் சின்னதாக அடிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, காற்று அழுக்கை எடுப்பதில்லை, இடம் மாற்றுகிறது. சாதாரணக் கீபோர்டைத் தட்டையாக வைத்துக்கொண்டு மேலிருந்து அடித்தால் துணுக்கு இன்னும் உள்ளேதான் போகும். ஆப்பிள் தன் லேப்டாப்புகளுக்குச் சொல்லும் முறை இதனால்தான் ஒரு யோகாசனம் போல இருக்கிறது. லேப்டாப்பைத் திறந்து, 75 டிகிரி சாய்த்துப் பிடித்து, இடமிருந்து வலமாகக் காற்று அடிக்க வேண்டும். அப்புறம் வலப்பக்கமாகத் திருப்பி ஒரு தடவை, இடப்பக்கமாகத் திருப்பி ஒரு தடவை. இந்த அறிவுரைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 2015-இல் அவர்கள் மேக்புக்கில் பட்டர்ஃப்ளை என்ற மெலிந்த கீ அமைப்பைக் கொண்டுவந்தார்கள். சின்னத் துணுக்கு ஒன்று நுழைந்தாலே கீ ஒட்டிக்கொள்கிறது, ஒரே எழுத்து இரண்டு தடவை விழுகிறது என்று புகார் குவிந்தது. 2018 ஜூனில் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தார்கள். 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழைய கத்தரிக்கோல் அமைப்புக்கே திரும்பிவிட்டார்கள். அந்த நான்கு வருடத்து லேப்டாப் வைத்திருக்கும் நண்பர் உங்களுக்கு இருந்தால், காற்று டின் அவருக்கு ஏமாற்றமான பரிசே இல்லை.

ஆனால் அவர் ஊருக்கு விமானத்தில் திரும்புகிறவர் என்றால் வேண்டாம். தீப்பற்றும் வாயு டின்னைக் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். இதே வேலையைக் கையால் பிதுக்கும் ரப்பர் ஊதி செய்யும். கேமரா லென்ஸ் துடைக்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அதுதான். வேகம் குறைவு. தீராது, உறையாது, எரியாது. இப்போது சார்ஜ் போட்டு ஊதும் எலெக்ட்ரிக் கருவிகளும் வந்துவிட்டன, ஊதும் வேகம் டின்னுக்குக் குறைவில்லை. ராத்திரியில் மட்டும் போட முடியாது, வீடே எழுந்துவிடும்.

சிலிக்கான் உறையைப் பற்றி இரண்டே வார்த்தை: அளவும் ஆளும். அது மாடலுக்கு மாடல் வேறு. தருகிறவர் சரியான மாடலைத் தெரிந்துகொண்டு வாங்குவது அபூர்வம். அத்தை மகள் எனக்குத் தந்ததில் என்டர் கீ வேறு வடிவம். பொருந்தினாலும் கொழகொழவென்று ஈர மணலில் தட்டுகிற மாதிரி இருக்கும். வேகமாக அடிக்கிறவன் அதை ஒரு வாரம் தாங்கமாட்டான். லேப்டாப்பில் போட்டால், மூடும்போது கழற்ற மறக்கக் கூடாது. திரைக்கும் கீக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு, திரையே விரிசல் விடலாம். ஆனால் மேசையில் சின்னக் குழந்தையும் டீ டம்ளரும் ஒன்றாக இருக்கிற வீட்டுக்கு இதைவிட நல்லது இல்லை. உறையைக் கழற்றிக் குழாயடியில் கழுவிவிடலாம். டீ உள்ளே போய்விட்ட கீபோர்டுக்கு அந்த வசதி கிடையாது. ஆபத்து டீயைவிட அதிலிருக்கும் சர்க்கரையால்தான். தண்ணீர் காய்ந்துவிடும், சர்க்கரை பசையாகி நிற்கும்.

கழுவவே கூடிய கீபோர்டும் உண்டு. லாஜிடெக் 2012-இல் கொண்டுவந்த கே310-இன் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் வைத்து, 28 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் முக்கலாம் என்றே சொன்னார்கள். சுத்தத்துக்கென்றே கீபோர்டை மாற்றுவது எனக்கு அதிகப்படியாகப் படுகிறது. புற ஊதா விளக்குகளும் விற்கிறார்கள். அவை கிருமியைக் கொல்லலாம், துணுக்கு துணுக்காகவேதான் இருக்கும்.

இப்போது நானே வாங்கியவை. ஒன்று, ஓர் அங்குல அகலமுள்ள புதுப் பெயிண்ட் பிரஷ். இரண்டு, கம்பியில் செய்த கீகேப் கழற்றி. மூன்று, மைக்ரோஃபைபர் துணியும் 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும். வண்ணத்தாளில் சுற்றினால் மூன்றும் சிரிப்பாக இருக்கும். என் மேசைமேல் இன்று இருப்பவை இவை மட்டும்தான்.

செய்கிற முறை எளிது. கீபோர்டின் வயரைக் கழற்றுகிறேன். ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, கீபோர்டைக் கவிழ்த்து, முதுகில் தட்டுகிறேன். முதல் தடவை தட்டியபோது விழுந்தது: பென்சில் சீவல், ஒரு ஸ்டேப்ளர் பின், நகத்துண்டு, எள் மாதிரி ஏதோ ஒன்று, அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகை தூள். அந்தத் தூளில் ஒரு பங்கு நானேதான் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. கவிழ்த்த நிலையிலேயே பிரஷை வரிசை வரிசையாக இழுத்தால் மீதியும் கொட்டும். மூன்று நிமிட வேலை. உதிரி அழுக்குக்கு இதைவிட வேறு வேண்டாம், லேப்டாப்புக்கும் இதுவே போதும்.

பிசுக்குக்குத் துணி. ஆல்கஹாலைத் துணியில்தான் விட வேண்டும், கீபோர்டின் மேல் விடக் கூடாது. கிருமியைக் கொல்ல 70 சதவீதமே நல்லது. அதிலுள்ள தண்ணீர் அது சட்டென்று ஆவியாகிவிடாமல் பிடித்துவைக்கிறது. 90-க்கு மேல் உள்ளது சீக்கிரம் உலரும், ஸ்விட்சின் உள்பக்கம் துடைக்க அது ஏற்றது. நகப்பூச்சு நீக்கியைத் தொடவே வேண்டாம். அதில் உள்ள அசிட்டோன், ஏபிஎஸ் என்கிற பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். கீகேப்புகளில் பெரும்பாலானவை ஏபிஎஸ்தான். இதே பிளாஸ்டிக்கால் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. ஸ்பேஸ்பாரில் என் வலது கட்டைவிரல் படுகிற இடம் எண்ணெய் பூசினாற்போல மினுங்கும். பிசுக்கு என்று நினைத்து அரை மணி நேரம் தேய்த்தேன். பிசுக்கு இல்லை, தேய்மானம். விரல் பட்டுப் பட்டு அதன் சொரசொரப்பு போய்விட்டது. நான் தேய்த்த தேய்ப்பில் கொஞ்சம் கூடியும் இருக்கும்.

சுற்றிக்கொண்ட முடியையும் அடியில் படிந்ததையும் எடுக்கக் கீகேப்பைக் கழற்றத்தான் வேண்டும், மெக்கானிக்கலில் மட்டும். பல பரிசு செட்டுகளில் பிளாஸ்டிக் வளையம் மாதிரி ஒரு கழற்றி இருக்கும், கீகேப்பின் பக்கவாட்டைக் கீறும். கம்பிக் கழற்றி கீறாது. முதலில் கீபோர்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தெல்லாம் மனப்பாடம், எதற்குப் போட்டோ என்று 104 கீகளை ஒரு கிண்ணத்தில் கொட்டிய நான், ஸ்க்ரோல் லாக் கீயும் பாஸ் (Pause) கீயும் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். எஃப், ஜே இரண்டையும் தடவியே கண்டுபிடிக்கலாம், விரலுக்கு அடையாளமாய் ஒரு மேடு இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, குப்புறக் கவிழ்த்து ஒரு ராத்திரி விடுங்கள். கீகேப்பின் அடிக்குழியில் நிற்கும் தண்ணீர் சொட்டு சீக்கிரம் காயாது. ஸ்பேஸ்பாரைக் கழற்றுவது கடைசியில். அதன் கீழே ஒரு கம்பி கொக்கி போட்டிருக்கும், வளைத்துவிட்டால் பிறகு கடகடவென்று ஆடும். வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு சாயங்காலம், இது போதும்.

ஆக, சுத்தத்துக்கு எது என்ற கேள்வி முடிந்தது: பிரஷ், துணி, மெக்கானிக்கல் என்றால் கழற்றியும். கீபோர்டை நகர்த்த முடியாத இடத்தில் ஊதி. பரிசுக்கு எது என்பதுதான் சிக்கல். ஏனென்றால் பெட்டியைப் பிரிக்கிற வரிசையில் பார்த்தால் ஸ்லைம் முதல், வேக்யூம் இரண்டு, பெயிண்ட் பிரஷ் கடைசி. இந்த முரண்பாட்டை ஆராய்ந்தே எழுதியிருக்கிறார்கள். ஜெஃப் கலாக், ஜூலியன் கிவி, எலனோர் வில்லியம்ஸ் மூவரும் 2016-இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: கொடுப்பவர் பரிசு கைமாறும் அந்த நிமிடத்தை நினைத்து வாங்குகிறார், வாங்கிக்கொள்பவர் அதற்கப்புறம் அதை வைத்திருக்கப் போகும் நாட்களை நினைத்து எடைபோடுகிறார். அதற்கு வெகுமுன்பே, 1993-இல், ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார ஆய்வாளர் தன் மாணவர்களிடம் கிறிஸ்துமஸுக்கு என்ன வந்தது, அதற்கு நீங்களாக இருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பீர்கள் என்று கேட்டுக் கணக்குப் போட்டார். பரிசுக்குச் செலவான பணத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வீண் என்று வந்தது. நண்பர்கள் தந்ததில் வீண் குறைவு, அத்தை மாமா வகையறா தந்ததில் அதிகம். என் இழுப்பறை அவர் சொன்னதைக் கொஞ்சம்கூட மறுக்கவில்லை, அக்காவையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறது.

வேண்டாத பரிசைக் கைமாற்றிவிடலாமே என்றால், அதிலும் தராதரம் உண்டு. வேக்யூமைப் பெட்டியோடு கொடுக்கலாம். உறையை அதே மாடல்காரர் கிடைத்தால் கொடுக்கலாம். ஸ்லைமை இரண்டு வருடம் கழித்துத் திறந்து பார்த்தேன். ஈரமெல்லாம் போய், பச்சை நிறத்தில் ஒரு ரப்பர் உருண்டை உட்கார்ந்திருந்தது.

கேட்டுவிட்டு வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை. ஃபிரான்செஸ்கா ஜினோ, ஃபிரான்சிஸ் ஃப்ளின் இருவரும் 2011-இல் எழுதியதும் அதைத்தான் சொல்கிறது: கேட்டதைத் தந்தாலும் தாமாக யோசித்துத் தந்தாலும் சந்தோஷம் ஒன்றுதான் என்று கொடுப்பவர்கள் நினைக்கிறார்கள், வாங்குகிறவர்களுக்குத் தாங்கள் கேட்டது வருவதில்தான் அதிக சந்தோஷம். கீபோர்டு விஷயத்தில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி, லேப்டாப்பா மெக்கானிக்கலா என்பதுதான். லேப்டாப் என்றால் பிரஷும் துணியும். மெக்கானிக்கல் என்றால் கம்பிக் கழற்றி. கீபோர்டு பைத்தியம் பிடித்தவர்களுக்கு அது தங்கம் மாதிரி.

இந்த வருட ஆபீஸ் குலுக்கலில் எனக்கு வந்தது பக்கத்து மேசைக்காரர் பெயர். கழற்றி, பிரஷ், துணி மூன்றையும் வாங்கிவிட்டேன். சுற்றுவதற்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று, ஏதோ பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி, "உங்க கீபோர்டுல கீ எல்லாம் கழற்ற வருமாங்க?" என்று கேட்டேன்.

அவர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கீபோர்டைக் குனிந்து பார்த்தார். "ஏங்க, அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றார்.